உடைத்தால் உங்களுடையது

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மகனின் டிரம் செட்டை வாங்கிவிட்டேன். பேரம் முடிந்தது, சரக்கு கைமாறியது, இப்போது அது என் கடைக்குப் பின்னால் இருக்கும் குடோனில் இருக்கிறது. நீங்கள் கேட்டது இதுதான், நான் செய்ததும் இதுதான். இத்தோடு கையெழுத்துப் போட்டிருந்தால் உங்களுக்கு நிம்மதி, எனக்கு மை மிச்சம். ஆனால் வாங்கிய விதத்தை மறைத்து, நாளைக்கு அது இன்னொருவர் வாய் வழியாக உங்கள் காதுக்கு வந்தால், மூன்று வரி முந்நூறு வரியாகிவிடும். அதனால் நானே எழுதிவிடுகிறேன். சம்பந்தியம்மாவின் முழங்கால் வலி இந்நேரம் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். என் இடது காது மட்டும் இன்னும் முழுதாகத் திரும்பி வரவில்லை. அதற்கான காரணம் கீழே வருகிறது.

போன மாதம் நீங்கள் எழுதிய கடிதம் என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. நாற்பது வருடம் பள்ளிக்கூட ஆய்வாளராக இருந்தவரின் கை, ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. “பல் டாக்டருக்குப் படித்தவன், சாயங்காலமானால் பாத்திரக் கடைக்குள் மாடு புகுந்ததுபோல் சத்தம் போடுகிறான். நிச்சயதார்த்தத்தன்று அவன் வீட்டில் அவனுடைய டிரம் இருந்தால் நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். நீங்கள் வியாபாரி. எந்த விலையானாலும் பேசி வாங்கி அப்புறப்படுத்துங்கள். விலை என் பொறுப்பு. நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.” எந்த விலையானாலும் என்பதற்குக் கீழே நீங்களே கோடு போட்டிருக்கிறீர்கள். அந்தக் கோட்டை மறந்துவிடாதீர்கள், கடைசியில் தேவைப்படும். படித்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. மாப்பிள்ளையின் அப்பா வராத நிச்சயதார்த்தம் அச்சாணி இல்லாத வண்டி மாதிரி. நாலு அடி உருளும், ஐந்தாவது அடியில் ஊர் சிரிக்கும். என் மகளோ, “அவரைக் கட்டிக்கிறதுன்னா டிரம்மோட சேர்த்துத்தான்பா” என்று சொல்லிவிட்டாள். இரண்டு பக்கமும் இடி. சரி, விலை பேசுவது நமக்குப் புதிதா என்று நானே கிளம்பினேன்.

இங்கே என் தொழிலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். முப்பத்தொரு வருடமாகப் பழைய மோட்டார், பம்பு, எஞ்சின் வாங்கி விற்கிறேன். விற்கிறவன் பேச்சை நான் கேட்பதில்லை, மோட்டார் பேச்சைத்தான் கேட்பேன். ஓடுகிற மோட்டாரில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து, பிடியைக் காதெலும்பில் அழுத்தினால் போதும், உள்ளே பேரிங் எத்தனை நாள் தாங்கும் என்று அதுவே சொல்லிவிடும். அந்த ஸ்க்ரூடிரைவர் என் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும், மற்றவர்களுக்குப் பேனா இருப்பதுபோல. அடுத்தது, கடை வாசலில் நான் தொங்கவிட்டிருக்கும் போர்டு: “தொட்டுப் பார்க்கலாம். உடைத்தால் உங்களுடையது.” இதற்குச் சொந்தம் பந்தம் கிடையாது. உங்கள் மகன் பெண் பார்த்த மறுநாள் மரியாதைக்கு என் கடைக்கு வந்தார், ஒரு பம்பின் மேல் சாய்ந்தார், அழுத்தமானியின் கண்ணாடி உடைந்தது. சம்பந்தம் வேறு வியாபாரம் வேறு என்று அந்தப் பம்பை அவர் தலையில் கட்டிவிட்டேன். மூன்றாவது மாடியில் குடியிருக்கும் பல் டாக்டர் அதை வைத்து எந்தக் கிணற்றில் தண்ணீர் இறைப்பார் என்று நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. பிறகு யோசிக்க வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போனேன். “வாங்க மாமா” என்று காபி கொடுத்தார், நல்ல காபி. ஹாலில் என் பம்பு நின்றது, அதன்மேல் ஒரு பூந்தொட்டி. உள் அறையில் டிரம் செட். சம்பந்தி, நான் முதன்முதலில் வாடகைக்கு எடுத்த கடை அதைவிடச் சின்னது. நடுவில் படுக்கவைத்த தண்ணீர்த் தொட்டி மாதிரி ஒரு பெரிய டிரம், அதைக் காலால் அடிப்பதற்கு ஒன்றல்ல, இரண்டு பெடல். சுற்றிலும் சின்னதும் பெரிதுமாக ஐந்து டிரம், தலைக்கு மேலே பித்தளைத் தட்டுகள். நான் வழக்கம்போல உதட்டைப் பிதுக்கினேன். “பழசா இருக்கே மாப்பிள்ளை. இதை யாராவது கேட்டா எடுத்துட்டுப் போகச் சொல்லிடலாமே.”

“விக்கிறதுக்கு இல்ல மாமா.”

“எல்லாம் விக்கிறதுக்குத்தான். விலைதான் வேற வேற.”

அவர் என் முகத்தையே பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு உள்ளே பார்ப்பாரே, அந்தப் பார்வை. “அப்பா அனுப்பினாரா?”

நான் வியாபாரத்தில் பொய் சொன்னதில்லை, சொல்லாமல் விட்டிருக்கிறேன். “முதல்ல ஓட்டிக் காட்டுங்க. ஓடாத சரக்குக்கு என்ன விலை பேசுறது” என்றேன். அவர் உட்கார்ந்தார், அடித்தார். எனக்குப் புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கூரைத் தகடு ஏற்றிய லாரி குடைசாய்ந்த மாதிரி இருந்தது. ஆனால் புரியவில்லை என்று எழுந்துபோனால் நான் என்ன வியாபாரி? அந்தப் பெரிய டிரம்தான் எஞ்சின் என்பது தெரிந்தது. கீழே குந்தினேன், ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன், அவர் மிதிக்கிற பக்கத்திலேயே முனையை வைத்து, பிடியைக் காதில் அழுத்தினேன். மோட்டாருக்கு மேலே இரும்பு. இதற்கு மேலே தோல் என்று அவர்கள் சொல்லும் பிளாஸ்டிக். அது மூச்சு விடுகிற மாதிரி உள்ளேயும் வெளியேயும் போகும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஒரே மிதி. முனை உள்ளே போய், தோல் ஒரு சாண் கிழிந்து, பிடி என் இடது காதில் குத்தி, நான் மல்லாந்து விழுந்தேன். பிறகு அந்த அறையில் இருந்த அமைதி, நீங்கள் நாற்பது வருடம் வகுப்பறைகளில் தேடிய அமைதி.

அவர் கோபப்படவில்லை. கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார், காதுக்குப் பஞ்சும் மருந்தும் வைத்தார். பிறகு ரொம்பப் பணிவாக, “மாமா, உங்க கடை வாசல்ல ஒரு போர்டு இருக்குமே” என்றார். நான் ஹாலில் பூந்தொட்டியோடு நிற்கும் பம்பைப் பார்த்தேன். பம்பு என்னைப் பார்த்தது. என் போர்டு, என் எழுத்து, நான் போட்ட பெயிண்ட். “சரி மாப்பிள்ளை, நான் வாங்கியாச்சு. விலையைச் சொல்லுங்க” என்றேன். சொன்னார். பணமாகக் கேட்கவில்லை. அரை மணி நேரம் பேரம் பேசினேன், ஒரு சின்னச் சலுகையைத் தவிர ஒன்றும் குறையவில்லை. அந்த விலையைக் கடிதத்தின் முடிவில் சொல்கிறேன். விலையை முதலில் சொல்கிறவன் சீக்கிரம் கடையைச் சாத்துவான்.

விலை முடிந்த பிறகுதான் அடுத்த சங்கடத்தைச் சொன்னார். சனிக்கிழமை சாயங்காலம் அவர் இசைக்குழுவுக்கு ஓர் அரங்கத்தில் நிகழ்ச்சி. இருபத்தாறு அங்குலத் தோல் இங்கே எந்தக் கடையிலும் கிடையாது, வரவழைக்கப் பத்து நாள் ஆகும். ஓட்டையோடு சரக்கை வெளியே அனுப்பினான் என்ற பேர் எனக்கு இதுவரை இல்லை. டிரம்மை வண்டியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவந்தேன், எஞ்சின் மூட்டில் எண்ணெய் கசியாமல் வைக்கும் கேஸ்கட் ஷீட்டை வட்டமாக வெட்டி ஒட்டினேன். முதல் ஒட்டு சப்பென்று இருந்தது, இரண்டாவது எகிறியது. “எந்தச் சத்தம் வேணும்னு தெரியாம நான் எப்படிங்க ஒட்டறது? நல்ல சத்தம் எதுன்னு காட்டுங்க” என்றேன். அதற்காக அந்த வாரம் முழுக்க மத்தியானம் கடை மூடும் ஒரு மணி நேரம் அவர் வந்து, தனக்குப் பிடித்த ராக், மெட்டல் டிரம்மர்களை என் கடை ஸ்பீக்கரில் ஒவ்வொருவராகப் போட்டுக் காட்டினார். பெயர்கள் எனக்கு வாயில் நுழையவில்லை. நானே பட்டப்பெயர் வைத்துக்கொண்டேன்.

முதல் ஆள் ரோடு ரோலர். காலமாகிவிட்டாராம், ஆனால் அடியில் இன்னும் உயிர் இருக்கிறது. என்ன விசேஷம் தெரியுமா? அவர் அவசரப்படுவதே இல்லை. அடி விழ வேண்டிய இடத்துக்கு ஒரு மயிரிழை பிந்தித்தான் வருகிறார். பாரம் ஏற்றிய லாரி மேட்டில் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள், அது பின்வாங்குமோ என்று நமக்குத்தான் பயம், அதற்கு இல்லை. அந்தப் பயத்தில்தான் நம் தலை தானாக ஆடுகிறது. இரண்டாவது ஆள் கஞ்சன். “என்ன மாப்பிள்ளை, இவர் ஒண்ணுமே அடிக்கலையே” என்றேன். “அடிக்காத இடத்தைக் கேளுங்க மாமா” என்றார். கேட்டேன். பிடிபட்டுவிட்டது. கடையில் பேசிக்கொண்டே இருக்கிறவனிடம் யாரும் வாங்குவதில்லை. பேசாமல் உட்கார்ந்து, சரியான நேரத்தில் ஒரே ஒரு வார்த்தை சொல்கிறவன்தான் கல்லாவை நிரப்புவான். பாட்டு முழுக்க ஒரே மாதிரி அடித்துக்கொண்டுபோய், ஒரே ஓர் இடத்தில் ஒரு தட்டைத் தட்டுகிறார், உடம்பு சிலிர்க்கிறது. இந்த ஆளை மட்டும் என் கடைக்குக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்வேன்.

மூன்றாவது ஆள் தையல் மெஷின். மெட்டல்காரர். இரண்டு காலும் இரண்டு பெடலில் ஓடுகிற ஓட்டத்தில் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு கண்ணை மூடி மோட்டார் கேட்கிற மாதிரிக் கேட்டேன். சம்பந்தி, வேகம் பெரிதல்ல, வேகத்தை எந்தக் குடிகார எஞ்சினும் காட்டும். ஆயிரம் அடியில் ஓர் அடிகூட இளைக்கவில்லை, இடது காலுக்கும் வலது காலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதற்குப் பின்னால் எத்தனை வருடம் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தால் எழுந்து நின்று கும்பிடத் தோன்றியது. நான்காவது ஆள் குறுக்குக் கணக்கு. ஏழு எண்ணுகிறார், அடுத்து ஐந்து, திடீரென்று ஒன்பது, சில்லறையை மாற்றி மாற்றிக் கொடுத்துக் குழப்புகிறவன் மாதிரி. ஆனால் கடைசியில் மொத்தம் இடிக்கவில்லை. கூட வாசிக்கிற நான்கு பேரையும் கையைப் பிடித்துப் படியில் இறக்குகிற மாதிரி சரியான இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்.

ஐந்தாவதாக ஒருவரைப் போட்டார். எல்லாம் கச்சிதம், பளபளப்பு. அரை நிமிடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன். “இது மனுஷன் அடிச்சது இல்ல மாப்பிள்ளை. அடிச்சிருக்கலாம், ஆனா யாரோ பின்னாடி உக்காந்து ஒவ்வொரு அடியா ஸ்கேல் வெச்சு நேராக்கியிருக்காங்க. பெயிண்ட் அடிச்ச எஞ்சின்.” அவர் ஸ்பீக்கரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். “மாமா, இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு வருஷம் ஆச்சு” என்றார். அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிடவே இல்லை, பசிக்கவில்லை.

அன்றைக்கே கேட்டுவிட்டேன். “இதுல நீங்க யாரு மாப்பிள்ளை?”

அவர் குச்சியால் முழங்காலில் தட்டிக்கொண்டே சொன்னார். “ரோடு ரோலர் மாதிரி அடிக்கணும்னு ஆசை மாமா. ஆனா பயம் வந்தா எனக்கு வேகம் கூடிடும். சின்ன வயசுல அப்பா வர்றதுக்குள்ள அடிச்சு முடிக்கணும்னு அடிச்சுப் பழகினது. இப்பவும் வெளிக் கதவு தட்டினா கை ஓடுது. அது ஒண்ணுதான் என் வியாதி.” இதை உங்கள்மேல் குற்றமாக எழுதவில்லை. சரக்கின் குறையை மறைத்துச் சொன்னால் நான் வியாபாரி இல்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை வந்தது. நாலாவது ஒட்டு நின்றுவிட்டது. கேஸ்கட் வைத்த டிரம் கனமான மரக்கதவைச் சாத்துகிற மாதிரி ஒரு சத்தம் கொடுத்தது, அதைக் கேட்டுப் புதுத் தோலே வேண்டாம் என்றார்கள் அந்தக் குழுவினர். சாயங்காலம் ஆறு மணிக்கு ஜன்னலே இல்லாத அரங்கம், முந்நூறு பேர், அத்தனை பேருக்கும் கறுப்புச் சட்டை. நான் வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில் தேர்தல் அதிகாரி மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கம் என் மகள், மறுபக்கம் காதில் பஞ்சோடு என் வீட்டுக்காரி. பாடகர் நல்ல பையன், பகலில் லிஃப்ட் மெக்கானிக். அவர் முதல் பாட்டை உறுமத் தொடங்கியதும் என் வீட்டுக்காரி என் தொடையைத் தட்டி, “ஏங்க, அந்தத் தம்பிக்கு உடம்புக்கு முடியலையா? யாராவது தண்ணி குடுங்களேன்” என்றாள். மூன்றாவது பாட்டுக்குள் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. இதை எதிர்பார்த்துத்தான் பட்டறைகளுக்கு விற்கும் பெரிய ஃபேன் ஒன்றை வண்டியில் கொண்டுபோயிருந்தேன். மேடை ஓரத்தில் ஒரு பிளக் காலியாக இருந்தது, செருகினேன். அந்த ஃபேன் கிளம்பும்போது எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் செருகினேன். அதை எழுதாமல் விட முடியாது.

மொத்த அரங்கமும் இருண்டது. கிட்டார் செத்தது, மைக் செத்தது, ஸ்பீக்கர் செத்தது. கும்மிருட்டில் ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, அதற்குக் கரண்ட் தேவையில்லை. இருட்டில் பின்பக்கம் யாரோ அலறினார்கள், ஒரு நாற்காலி விழுந்தது, வெளியிலிருந்து கதவை வேறு தடதடவென்று தட்டினார்கள். கதவு தட்டினால் கை ஓடும் என்று சொன்னாரே. நான் குந்தியபடியே மேடைப் பலகையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து, பிடியை நல்ல காதில் அழுத்திக்கொண்டேன். என் கைக்கடிகார முள் இருட்டில் ஒளிரும். எண்ணினேன். முதல் கால் நிமிடம், முப்பது மிதி. அடுத்த கால் நிமிடம், முப்பது. பாடகர் மைக்கை வைத்துவிட்டு ஃபியூஸ் போட ஓடினார், தடுக்கி விழுந்தார், எழுந்து மறுபடி ஓடினார். முப்பது. எட்டாவது கால் நிமிடமும் முப்பது. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. முந்நூறு பேரும் அலறலை நிறுத்திவிட்டு அந்த முப்பதுக்குக் கை தட்டத் தொடங்கினார்கள். விளக்கு வந்ததும் கிட்டார்கள் சரியாக அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தன, பாடகர் மூச்சிரைக்க ஓடிவந்து உறுமினார், அந்த உறுமலில் பாதி நிஜமான இரைப்பு. என் வீட்டுக்காரி ஒரு காதுப் பஞ்சை எடுத்துவிட்டாள். என் மகள் என்னைப் பார்க்காமல், “இப்ப என்ன விலை சொல்றீங்கப்பா?” என்றாள்.

சம்பந்தி, நான் எஞ்சின் வாங்குகிறவன். வெளிச்சத்தில் எல்லா எஞ்சினும் நன்றாகத்தான் ஓடும். எல்லாம் நின்றுபோன நேரத்தில் கூட இருப்பவர்கள் வந்து சேரும்வரை அவசரப்படாமல், நின்றுவிடாமல், அதே முப்பதில் ஓடுவதற்குத்தான் விலை. அந்த நான்கு பெரிய ஆட்களிடமும் நான் கேட்டது கடைசியில் இதைத்தான். உங்கள் மகன் அவர்கள் உயரம் இல்லை, அது அவருக்கே தெரியும். ஆனால் அதே இரும்பு. என் மகளைக் கொடுக்க இதற்கு மேல் எனக்கு ஒரு சான்றிதழும் வேண்டாம்.

ஆகவே தாங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. டிரம் இப்போது என் சொத்து. வாரம் மூன்று நாள் மாப்பிள்ளை என் குடோனுக்கு வந்து அடிப்பார், அது எனக்கும் அவருக்கும் உள்ள ஏற்பாடு. அக்கம்பக்கத்தில் லேத்துப் பட்டறைகள், யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. நிச்சயதார்த்தத்தன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி, அது உங்கள் மகன் வீட்டு வாசலை மிதிக்காது. என் வாழ்நாள் முழுவதற்கும் இதற்கு நான் உத்தரவாதம், கையெழுத்துக் கீழே. அடுத்த மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை தாங்கள் குடும்பத்தோடு முன்னால் நின்று நடத்தித்தர வேண்டும். சம்பந்தியம்மாவுக்கு என் வீட்டுக்காரியின் அன்பு. பிள்ளைகள் இருவரும் ஒரே தாளத்தில் நெடுநாள் வாழ உங்கள் வாயால் ஒரு வாழ்த்துச் சொல்லுங்கள், நாங்களும் இங்கிருந்து சொல்கிறோம்.

இப்படிக்கு,
பழைய மோட்டார் வியாபாரி,
உங்கள் சம்பந்தி ஆகப்போகிறவன்

பின்குறிப்பு: மேலே கொடுத்த உத்தரவாதத்தை அடித்துவிடவும். கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போன நேரத்தில் குடோனிலிருந்து ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் என் மகள் பெரிய டிரம்முக்கு முன்னால் குந்தியிருக்கிறாள், கையில் நான் எழுத உட்காரும்போது மேசையில் எடுத்துவைத்த ஸ்க்ரூடிரைவர், நான் உயிரைக் கொடுத்து ஒட்டிய கேஸ்கட்டில் ஒரு சாண் கிழிசல். “என்னம்மா பண்ணினே?” என்றேன். “பேரிங் எப்படி இருக்குன்னு பாத்தேன்பா” என்றாள். “வாசல்ல போர்டு தொங்குதே, படிக்கலையா?” என்றேன். “படிச்சுட்டுத்தான் வந்தேன்” என்றாள். மாப்பிள்ளை முதல் நாளே சொல்லிவைத்திருந்த புதுத் தோல் இன்று காலையே வந்துவிட்டதாம், பார்சலை இவள்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினாளாம், எனக்குச் சொல்லவில்லை. ஆக, டிரம் இப்போது அவளுடையது. கல்யாணமான மறுநாள் அவள் சாமான்களோடு உங்கள் மகன் வீட்டுக்குப் போகிறது. நீங்கள் எழுதியது ‘அவனுடைய டிரம்’ என்று. இது உங்கள் மருமகளுடையது. என் கடையில் எனக்குப் பிறகு யார் உட்காருவது என்ற கவலையும் இன்றோடு எனக்குத் தீர்ந்தது. மாறாமல் இருப்பது விலை ஒன்றுதான். உங்கள் மகன் என்னிடம் கேட்ட விலை, நீங்கள் கோடு போட்டுப் பொறுப்பேற்ற விலை, இதுதான்: அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை, மாலை ஆறு மணி, அதே அரங்கம், முன்வரிசை நடு இருக்கை, அதில் நீங்கள். ஒரு மணி பத்து நிமிடம், பாதியில் எழுந்திருக்கக் கூடாது. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம், நான் பேரம் பேசி வாங்கிய சலுகை அது. ஃபேன் கொண்டுவர மாட்டேன்.